பழகுநர்: பின்னல் இயந்திரத்தைக் கற்றவர்களின் வரலாறு

திண்டுக்கல்லின் பெயரை உலகறியச் செய்தவை பூட்டும் புகையிலையும் என்பர். அதன் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் இன்று திண்டுக்கல்லிலிருந்து வடக்கே வேடசந்தூர் வழியாகச் செல்பவர் கண்ணில் மிகுதியாகப் படுபவை பூட்டுப் பட்டறைகள் அல்ல; நூற்பாலைகளின் நீண்ட கூரைகளே. அங்கே நூற்கப்படும் நூலில் ஒரு பகுதி கூம்புகளில் சுற்றப்பட்டுத் திருப்பூருக்குச் செல்கிறது. பின்னல் இயந்திரங்களில் ஏறி, துணியாகி, பனியனாகி, மீண்டும் இந்த ஊர்க் கடைகளுக்கே வந்து சேர்கிறது.

இந்தப் பின்னல் இயந்திரத்தைப் பற்றி நாம் படிக்கும் வரலாறுகளெல்லாம் அதைக் கண்டுபிடித்தவர்களின் வரலாறுகளாகவே இருக்கின்றன. முதன்முதலாக அதன் முன் நின்று, கை நடுங்க நூலைக் கோத்தவர்களைப் பற்றிய குறிப்புகள் அரிது. அவர்களைத் தேடிச் சென்றால் ஒரு கேள்வி நானூறு ஆண்டுகளாகத் தொடர்ந்து வருவதைக் காணலாம். பழகுபவர் எப்போது பழகி முடித்தவர் ஆகிறார்? அதை முடிவுசெய்வது யார்?

முதலில் இயந்திரத்தைச் சற்றுப் பார்ப்போம். நெசவுக்கு இரு வகை நூல்கள் வேண்டும். பாவு நீளவாக்கில் நிற்க, ஊடை குறுக்கே ஓடும். பின்னலுக்கு ஒரே நூல் போதும். அந்நூல் ஒரு வளையமாக வளைகிறது. அவ்வளையத்தின் வழியே அடுத்த வளையம் இழுக்கப்படுகிறது. இந்த வளையத்தைக் கண்ணி என்போம். கண்ணிக்குள் கண்ணியாகத் தொடர்வதால்தான் பனியன் துணி இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிறது. ஒரு கண்ணி அறுந்தால் அதன் கீழுள்ளவை ஏணிப்படிபோல் வரிசையாக அவிழ்வதும் அதனால்தான்.

கையால் பின்னுவோர் இரு குச்சிகளைக் கொண்டு செய்யும் இவ்வேலையை இயந்திரத்தில் கொக்கி ஊசிகள் செய்கின்றன. பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊரில் அந்த ஊசியை விளக்குவது எளிது. ஊசியின் தலையில் ஒரு கொக்கி. அதன் கீழே, கதவின் தாழ்ப்பாள்போல் ஏறி இறங்கும் சிறு நாக்கு. ஊசி மேலே எழும்போது பழைய கண்ணி அந்த நாக்கைத் தள்ளித் திறக்கிறது. கொக்கி புதிய நூலைப் பற்றுகிறது. ஊசி கீழே இறங்கும்போது அதே பழைய கண்ணி நாக்கை மேலே தள்ளிக் கொக்கியை மூடுகிறது. மூடிய கொக்கியின் மேல் வழுக்கி வெளியேறுகிறது. புதிய நூல் புதிய கண்ணியாகிறது. தன்னைத் திறக்கவும் மூடவும் தன் வேலையையே சாவியாகக் கொண்ட பூட்டு அது. 1847-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரைச் சேர்ந்த மாத்யூ டவுன்செண்ட் இதை உருவாக்கினார். ஆங்கிலத்தில் லாட்ச் நீடில் என்று வழங்கும் இதனை நாம் தாழ் ஊசி எனலாம்.

இன்றைய வட்டப் பின்னல் இயந்திரத்தில் இத்தகைய ஊசிகள் ஓர் உருளையைச் சுற்றி அடுக்கப்பட்டிருக்கும். உருளையின் விட்டத்தைத் திருப்பூரில் ‘டயா’ என்பார்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசிகள் என்பதைக் ‘கேஜ்’ என்பார்கள். 30 அங்குல டயாவும் 24 கேஜும் உள்ள இயந்திரத்தில் ஏறத்தாழ 2260 ஊசிகள் இருக்கும். பழகுபவரின் கல்வி இந்த எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. ஓர் ஊசியின் நாக்கு வளைந்தாலும் துணியில் நெடுகிலும் ஒரு கோடு விழும். 2260-இல் எது அந்த ஊசி என்று கண்டு, அதை மட்டும் கழற்றி மாற்ற வேண்டும். அறுந்த நூலைச் சிறிய முடிச்சால் இணைக்க வேண்டும். முடிச்சு தடித்தால் கொக்கியில் சிக்கித் துளை விழும். நூலின் இழுவிசையை விரலால் உணர வேண்டும். இயந்திரத்தின் ஓசை மாறும்போது அதைக் காது அறிய வேண்டும். இவற்றில் எதையும் புத்தகத்தால் மட்டும் கற்பித்துவிட முடியாது. ஆனால் எதுவும் பல ஆண்டுகள் தவமிருந்து பெறவேண்டிய வித்தையும் அன்று. அருகில் தேர்ந்தவர் ஒருவர் நின்று சொல்லிக்கொடுத்தால் சில மாதங்களில் கை பழகிவிடும்.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை. முதல் பின்னல் இயந்திரத்தை 1589-இல் உருவாக்கியவர் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் பகுதியில் கால்வர்ட்டன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த வில்லியம் லீ. அவர் ஒரு பாதிரியார். முதலாம் எலிசபெத் அரசி அவருக்குத் தனியுரிமை வழங்க மறுத்தார் என்றும், கையால் பின்னி வயிறு வளர்க்கும் ஏழைகள் இதனால் பிச்சையெடுக்க நேரும் என்று அரசி அஞ்சினார் என்றும் கூறப்படுகிறது. லீ பிரான்சுக்குச் சென்றார். அங்கே நான்காம் ஹென்றி அரசரின் ஆதரவு கிடைத்தும் நிலைக்கவில்லை. அவருக்குப்பின் அவருடைய சகோதரர் இயந்திரங்களை இங்கிலாந்துக்கு மீட்டுக் கொண்டுவந்தார்.

லீயின் இயந்திரத்தில் தாழ் ஊசி கிடையாது. வில்போல் வளைந்த கொக்கி ஊசிகளின் முனைகளை ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தகட்டால் அழுத்தி மூட வேண்டும். கைகள் இரண்டும் கால்கள் இரண்டும் ஒத்திசைந்து இயங்க வேண்டும். பழகுவது உண்மையிலேயே கடினமான இயந்திரம் அது. அதனால், அதை இயக்குவோர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1657-இல் கிராம்வெல்லின் ஆட்சியிலும், மீண்டும் 1663-இல் இரண்டாம் சார்லஸ் மன்னரிடமும் அச்சங்கம் சாசனம் பெற்றது. ஏழாண்டுகள் ஓர் ஆசானிடம் பழகியவரே தொழில் செய்யலாம் என்பது அக்காலத்துப் பொது நியதி. இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு அடிப்படை.

இந்த ஏழாண்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. தொழிலாளிக்கு அது வேலி. பழகாதவர் உள்ளே நுழைந்து கூலியைக் குறைக்காமல் காப்பது. முதலாளிக்கு அது வேறொன்று. பழகுநருக்கு உணவும் உறைவிடமும் போதும், முழுக்கூலி வேண்டியதில்லை. எனவே சில முதலாளிகள், கற்பிப்பதற்காக அன்றிக் கூலியை மிச்சம்பிடிப்பதற்காக, பழகுநர்களைக் கூட்டங்கூட்டமாகச் சேர்த்துக்கொண்டனர். ஆதரவற்ற ஏழைச் சிறுவர்களைத் திருச்சபை வட்டங்களிடமிருந்து பெற்றுக்கொண்டவர்களும் உண்டு. லண்டனில் 1710-ஆம் ஆண்டு, அளவுக்கு மீறிப் பழகுநர்களை வைத்திருந்த முதலாளியின் இயந்திரங்களைத் தேர்ந்த தொழிலாளர்கள் உடைத்தெறிந்தனர். அவர்கள் வெறுத்தது இயந்திரத்தை அன்று. பழகுதல் என்ற பெயரில் நடந்த சுரண்டலை.

நூறாண்டு கழித்து, 1811-இல், நாட்டிங்காம்ஷயரில் லுட்டைட் கலகம் வெடித்தது. இன்று லுட்டைட் என்றால் இயந்திரத்துக்கு அஞ்சும் பழமைவாதி என்று பொருள் கொள்கிறோம். ஆனால் அங்கே உடைக்கப்பட்டவை இருநூறு ஆண்டுகளாகப் புழங்கிவந்த பின்னல் இயந்திரங்கள். உடைத்தவர்கள் அவற்றை இயக்கியே வாழ்ந்தவர்கள். அவர்களுடைய குறைகளில் இரண்டு நமக்கு முக்கியமானவை. ஒன்று, ஏழாண்டு பழகாதவர்களை வேலைக்கு வைப்பது. அத்தகைய ஆட்களைக் ‘கோல்ட்’, அதாவது பழக்கப்படாத குதிரைக்குட்டி, என்று அழைத்தனர். மற்றொன்று, காலுறையை அதன் வடிவத்திலேயே பின்னாமல், அகலத் துணியாகப் பின்னி, வெட்டி, தைத்து விற்பது. இதைத் தொழிலுக்கே இழுக்கு என்று அவர்கள் கருதினர். இன்று திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பெரிதும் இந்த வெட்டித் தைக்கும் முறையில்தான் நிற்கிறது என்பது வரலாற்றின் விசித்திரம்.

1812-இல் இயந்திரத்தை உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. பிரபுக்கள் அவையில் அதை எதிர்த்துப் பேசியவர் கவிஞர் பைரன். அதுவே அவ்வவையில் அவருடைய கன்னிப்பேச்சு. சட்டம் நிறைவேறியது. இரண்டே ஆண்டுகளில், 1814-இல், பழகுநர் பற்றிய பழைய சட்டப்பிரிவுகளும் நீக்கப்பட்டன. ஏழாண்டு வேலி இவ்வாறு சட்டத்திலிருந்து மறைந்தது. பின்னர் 1847-இல் தாழ் ஊசி வந்தது. அழுத்தி மூடும் வேலையைக் கண்ணியே செய்துகொண்டது. கைத்திறனில் ஒரு பகுதி ஊசிக்குள் புகுந்துவிட்டது. அதன்பின் இயந்திரத்தைக் கற்க ஆகும் காலம் சுருங்கியது.

இந்தியாவில் பின்னலாடைத் தொழில் 1893-இல் கல்கத்தாவின் கிதர்பூர் பகுதியில் தொடங்கியது. தமிழ்நாட்டில் திருப்பூரின் முதல் பின்னல் ஆலையை 1925-இல் நிறுவியவர் குலாம் காதர் சாகிபு. பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ் என்பது அதன் பெயர். கல்கத்தாவில் பின்னல் இயந்திரத்தைக் கண்டே அவர் இத்தொழிலில் இறங்கினார் என்று சொல்லப்படுகிறது. முதலில் கையால் சுற்றும் இயந்திரங்கள். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் வந்தபின் தொழில் விரைந்து பெருகிற்று.

திருப்பூரில் ஏழாண்டுச் சாசனம் எதுவும் இருந்ததில்லை. உறவினரோ ஊர்க்காரரோ கைபிடித்து அழைத்துவர, ஒருவர் பனியன் கம்பெனிக்குள் நுழைவார். எடுபிடியாக நின்று, எண்ணெய் விட்டு, நூல் கூம்பை மாற்றி, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்வார். ஆய்வாளர் சரத் சாரி 2004-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இவ்வூரின் பல முதலாளிகள் தொழிலாளிகளாக வாழ்வைத் தொடங்கியவர்கள் என்பதை விரிவாக ஆராய்கிறார். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த கவுண்டர் சமூக இளைஞர்கள் இயந்திரத்தைக் கற்று, கூட்டுச் சேர்ந்து, ஆலை உடைமையாளர் ஆயினர். தம் உயர்வுக்குக் காரணம் கேட்டபோது அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விடை உழைப்பு என்பதே.

அந்த விடை பொய்யன்று, முழுமையும் அன்று. உழைத்தவர் எல்லாரும் இயந்திரத்தின் அருகே அனுமதிக்கப்படவில்லை. பின்னல் பகுதி பெரிதும் ஆண்களின் இடமாகவே நீடித்தது. பெண்கள் தையல்காரருக்குத் துணிமடித்துக் கொடுக்கும் கைமடி வேலையிலும், பிசிறு வெட்டுவதிலும், பழுது பார்த்துப் பிரிப்பதிலும், அடுக்குவதிலும் நிறுத்தப்பட்டனர். அவ்வேலைகளில் பத்தாண்டு இருந்தாலும் இயந்திரத்தின் நுட்பம் கைக்கு வராது. ஓர் இயந்திரத்தைக் கற்பதற்கு அறிவும் ஆர்வமும் மட்டும் போதா. அதன் முன் நிற்க இடம் வேண்டும். அந்த இடத்தை உறவும் சாதியும் பாலும் பங்கிட்டன.

இனி நூல் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவோம். திண்டுக்கல்லுக்கும் கைத்தறிக்குப் பெயர்பெற்ற சின்னாளப்பட்டிக்கும் அருகில், 1947-இல், டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். கைத்தொழிலையே கல்வியாக்கும் காந்தியின் ஆதாரக் கல்விக் கொள்கை வேரூன்றிய இடங்களில் அது ஒன்று. அக்கொள்கை 1937-இல் வார்தா மாநாட்டில் உருப்பெற்றது. குழந்தை நூற்கவும் நெய்யவும் கற்கும். கற்கும்போதே உண்டாகும் பொருளால் பள்ளியின் செலவில் ஒரு பகுதி ஈடாகும் என்பது எண்ணம். இத்திட்டத்தை வகுத்த ஜாகிர் உசேன் குழுவினரே தம் அறிக்கையில் ஓர் எச்சரிக்கையும் எழுதிவைத்தனர். கல்வி நோக்கம் பின்தள்ளப்பட்டு உற்பத்தி முன்னுக்கு வந்துவிடும் ஆபத்து வெளிப்படையானது என்பது அதன் சாரம். கற்பவர் உண்டாக்கும் பொருள் விலைபோகத் தொடங்கியதும், கற்பிப்பவர் அவரை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குவார் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அந்த எச்சரிக்கையின் பொருளைத் திண்டுக்கல் சமவெளி வேறொரு வடிவில் கண்டது. 1990-களுக்குப் பின் கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற ஏற்பாடு பரவியது. வறிய குடும்பங்களின் இளம்பெண்கள், அவர்களில் பலர் தலித் சமூகத்தினர், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டனர். விடுதியில் தங்கவைக்கப்பட்டனர். மூன்றாண்டு முடிந்தால் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தரப்படும். அது திருமணத்துக்கு உதவும் என்று பெற்றோரிடம் கூறப்பட்டது. இடையில் நோயுற்றோ சலித்தோ வெளியேறியவர்களில் பலருக்கு அத்தொகை கிடைக்கவில்லை. 2011-ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் வந்த ஆய்வறிக்கைகள் இதைப் பதிவுசெய்தன.

ஏட்டில் இப்பெண்களுக்கு இடப்பட்ட பெயர் பயிற்சியாளர், அதாவது பழகுநர் என்பதே. இவர்கள் எதைப் பழகினர்? நூற்பு இயந்திரத்தில் அறுந்த இழையை இணைப்பதே தலையாய வேலை. சுழலும் கதிரை ஒரு கையால் நிறுத்தி, நூலின் நுனியைத் தேடியெடுத்து, வளையத்தில் ஓடும் சிறு கம்பியில் கோத்து, மேலே உருளையிலிருந்து வழியும் பஞ்சிழையோடு நொடியில் சேர்க்க வேண்டும். விரல்நுனியின் திறன் அது, எளிதன்று. பஞ்சுத்துகள் பறக்கும் வெப்பத்தில், வரிசை வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான கதிர்களின் இடையே நடந்துகொண்டே செய்ய வேண்டும். ஆனால் பின்னலைப்போலவே இதுவும் சில மாதங்களில் கைவருவது. நான்காம் மாதம் தேர்ந்தவரைப்போல் வேலைசெய்யும் பெண் முப்பத்தாறாம் மாதம்வரை பழகுநராகவே இருந்தாள்.

இதில் ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் 1981-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, 24 மாதங்களுக்குள் 480 நாள்கள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று வகுத்தது. மூன்றாண்டு என்பது அந்த எல்லையைத் தாண்டிய காலம். பழகுநர் என்ற பெயர் அந்த உரிமை எழாமல் தடுக்கும் திரையாகப் பயன்பட்டது எனத் தொழிற்சங்கங்கள் குற்றஞ்சாட்டின. லண்டனில் 1710-இல் தொழிலாளர்கள் உடைத்தது இதே கணக்கைத்தான். அங்கே ஏழாண்டு, இங்கே மூன்றாண்டு. அங்காவது இயந்திரம் உண்மையிலேயே கடினமானது. முடிவில் ஒரு தொழில் கையில் இருக்கும் என்ற நம்பிக்கையேனும் இருந்தது. இங்கே முடிவில் காத்திருந்தது திருமணமே அன்றித் தொழில் அன்று. திட்டத்தின் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

கற்றல் வேறு எங்கும் நிகழவில்லை என்று சொல்வதற்கில்லை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த போராட்டத்தின் விளைவாக, 2022 ஏப்ரலில், பெண்களின் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், அதன் கூட்டாளி அமைப்புகளும், ஏற்றுமதி நிறுவனமும், பன்னாட்டு ஆடை நிறுவனமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பாலின வன்முறையைத் தடுக்கும் நோக்கம் கொண்ட அது திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே உலகெங்கும் பேசப்பட்டது. அதன்படி தொழிலாளப் பெண்களே தத்தம் தளத்தில் நடப்பதைக் கண்காணிக்கவும், முறையிடுவோருக்குத் துணைநிற்கவும் பயிற்சி பெற்றனர். ஆலைத்தளத்தில் பயிற்சி என்ற சொல், தொழிலாளிக்குச் சேர வேண்டியதைத் தள்ளிப்போடுவதற்கு அன்றி, அவர் கையில் ஒன்றைக் கொடுப்பதற்காகப் பயன்பட்ட அரிய தருணம் அது.

இயந்திரங்களின் வரலாற்றில் நமக்குக் கற்பிக்கப்படுவது, அவை வேலையை எளிதாக்கின என்பது. பின்னல் இயந்திரத்தைப் பொறுத்தவரை அது மெய்யே. தகட்டை அழுத்திய கைகளின் வேலையைத் தாழ் ஊசி ஏற்றது; பின்னர், நூல் அறுந்தால் விளக்கெரித்துத் தானே நின்றுகொள்ளும் அளவுக்கு இயந்திரம் தேர்ந்தது. கற்கும் காலம் தலைமுறைதோறும் குறைந்தது. ஆனால் பழகுநராக வைத்திருக்கும் காலம் அதே அளவில் குறையவில்லை. ஏனெனில் அதை நிர்ணயித்தது இயந்திரத்தின் நுட்பம் அன்று, கூலியின் கணக்கு.

ஒருவர் ஒரு கருவியைக் கற்றுவிட்டார் என்பதை முதலில் அறிவது அவருடைய கை. அடுத்து அறிவது அருகில் நிற்கும் தோழர். ஊதியப் பதிவேடு அதைக் கடைசியில்தான் ஒப்புக்கொள்கிறது. சிலவேளை ஒப்புக்கொள்வதே இல்லை. கை அறிந்த நாளுக்கும் பதிவேடு ஒப்பிய நாளுக்கும் இடையே கிடக்கும் மாதங்களை எண்ணினால், ஒரு தொழிலின் நேர்மையை அளந்துவிடலாம். வேடசந்தூரின் நூலையும் திருப்பூரின் துணியையும் தரம் பார்த்து விலை சொல்பவர்கள், அந்த மாதங்களையும் எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும்.